பின்வரிசையில் நின்ற முகம்

(ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையே உள்ள ஒரு கிராமத்தில், மில் விபத்தில் மாண்ட தொழிலாளத் தோழர் ஒருவரின் குடும்பப் படத்தைத் திறந்து வைத்து ஆற்றிய உரை)



இப்பொழுது திரையை விலக்கிய இந்தப் படத்தை எல்லோரும் பார்த்தீர்கள். நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் மறைந்த தோழரின் தாயார். அவருக்கு இடப்பக்கம் தோழரின் மனைவி. வலப்பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. அதன் மேல் ஒரு துண்டு, அதில் சாய்த்து ஒரு கடப்பாறை. பின்னால் தோழரின் மகள், கையில் குழந்தையுடன் நிற்கிறார். அந்த மகளின் பக்கத்தில், நீலச் சட்டையோடு நிற்பவர்தான் நாம் இழந்துவிட்ட தோழர்.

இந்தப் படம் எடுத்த அன்று அவர் உயிரோடு இல்லை. அவர் போய் நாற்பது நாள் கழித்து எடுத்த படம் இது. இந்தக் குழந்தையை அவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் படத்தில் தாத்தாவும் பேரனும் ஒன்றாக இருக்கிறார்கள். நான்கு தலைமுறை ஒரே சட்டத்துக்குள் நிற்கிறது.

இது எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் நாம் இங்கே நிற்கிறோம்.

ஒரு முகத்தைத் தேடிய கதை

தோழர் இறந்தது மூன்றாவது ஷிப்டில். புளோரூமில் பீட்டர் அடைத்துக்கொண்டது. மிஷினை நிறுத்தாமல் பஞ்சை இழுக்கச் சொன்னார்கள். இழுத்தார். கை போயிற்று, பிறகு உயிரும் போயிற்று. பதினொரு வருஷம் அந்த மில்லில் வேலை செய்தவர். மறுநாள் நிர்வாகம் என்ன சொல்லிற்று? "அவர் எங்கள் ஆள் இல்லை. கான்டிராக்டர் அனுப்பிய ஆள். அவரும் ஒரு மாதம்தான் வந்தார்" என்று சொல்லிற்று.

சங்கத்திலிருந்து நாங்கள் வீட்டுக்குப் போனோம். காரியத்துக்குப் படம் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். கல்யாணப் படம் ஒன்று இருந்ததாம். கூரை ஒழுகி, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, முகம் இருந்த இடம் வெள்ளையாகிவிட்டது. ஆதார் அட்டையில் ஒரு படம் இருந்தது. அதைப் பார்த்து அந்தத் தாயார் சொன்னார்: "இது யாருங்க? எம்மவன் இப்படித் திருடனாட்டம் முழிக்க மாட்டானுங்க."

தோழர்களே, அந்தத் தாய் சொன்னது நம்மில் முக்கால்வாசிப் பேருக்குப் பொருந்தும். ரேஷன் அட்டைக்கு, ஓட்டு அட்டைக்கு, மில் பாஸுக்கு என்று பிறர் கேட்டபோதெல்லாம் நம்மைச் சுவரோரம் நிறுத்திப் படம் பிடித்தார்கள். நமக்கென்று, நம் பிள்ளைகளுக்கென்று, நாம் விரும்பி உட்கார்ந்து எடுத்த படம் எத்தனை பேரிடம் இருக்கிறது?

கடைசியில் முகம் எங்கே கிடைத்தது தெரியுமா? அதே புளோரூமில் வேலை செய்யும் ஒரு தோழரின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. ஆயுத பூஜை அன்று டிபார்ட்மென்ட் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்த படம். மிஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்று கட்டி, முன்வரிசையில் மேஸ்திரியும் சூப்பர்வைசரும் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்வரிசையில், இடமிருந்து மூன்றாவதாக, முக்கால் முகம் தெரிய நம் தோழர் நிற்கிறார். மேலே மில்லின் பெயர். கீழே வருஷம். அவர் சாவதற்கு ஏழு வருஷத்துக்கு முந்திய வருஷம்!

"ஒரு மாதம்தான் வந்தார்" என்று சொன்னவர்களுக்கு அந்தப் பின்வரிசை பதில் சொல்லிற்று.

அந்தப் படத்தை நஷ்டஈட்டு வழக்கில் சாட்சியமாக வைத்திருக்கிறோம். கூட வேலை பார்த்த இரண்டு தோழர்கள் பயப்படாமல் முன்வந்து, "அவர் பக்கத்தில் நிற்பவர்கள் நாங்கள்தான்" என்று சொல்லியிருக்கிறார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வெறும் படம் மட்டும் வழக்கை ஜெயித்துக் கொடுக்காது. சம்பளச் சீட்டும் சாட்சியும் சங்கமும் வேண்டும். ஆனால் படமும் இல்லாதிருந்தால் நாம் எங்கே ஆரம்பித்திருப்போம்?

அதே முகத்தைத்தான் ஸ்டூடியோக்காரர் எடுத்து இந்தக் குடும்பப் படத்தில் சேர்த்தார். ஒரே முகம் கோர்ட்டுக்கும் போயிற்று, வீட்டுக்கும் வந்தது.

காலி நாற்காலி

சேர்க்கும் வேலை நடந்தபோது ஸ்டூடியோக்காரர் நல்ல எண்ணத்தோடு ஒன்று கேட்டார். "அண்ணனுக்குக் கோட்டும் டையும் போட்டு விடட்டுங்களா? எடுப்பாக இருக்கும்" என்றார். அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்களில் கோட்டு ஒன்று ஆணியில் தொங்கும். வந்தவர் எல்லாம் அதையே மாட்டிக்கொண்டு எடுப்பார்கள். இப்போது கம்ப்யூட்டரில் மாட்டுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

தாயார் ஒப்புக்கொள்ளவில்லை. "கோட்டு வேண்டாமுங்க சாமி. அவன் போட்ட நீலச் சட்டையே போடுங்க. அந்தச் சட்டையிலதான் அவன் வேலைக்குப் போனான்" என்றார்.

பிறகு அவரே இன்னொன்று கேட்டார். அவருடைய வீட்டுக்காரர் கிணற்று வேலைக்காரர். இந்தக் கல்லாங்காட்டில் ஊரார் தோட்டத்துக்கெல்லாம் கிணறு வெட்டிக் கொடுத்தவர். வெடி தப்பி வெடித்ததில் கிணற்றுக்குள்ளேயே மாண்டார். அப்போது நம் தோழருக்கு ஏழு வயது. அந்த மனிதருக்கு உலகத்தில் ஒரு படம்கூடக் கிடையாது. "அவரையும் இதில் சேர்க்க முடியுமா?" என்று தாயார் கேட்டார். மகன் முகத்தைக் கொஞ்சம் மாற்றி, மீசை வைத்து, அப்பாவாக்கி விடலாம் என்று ஸ்டூடியோக்காரர் சொன்னார். இப்போது அதற்கெல்லாம் யந்திரம் வந்துவிட்டதாம்.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: "இல்லாத மொகத்த எதுக்குங்க வரையறது? அவரு மொகம் எனக்குத் தெரியும். அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, அவரு கடப்பாறைய வையுங்க. பேரன் கேட்டா நான் சொல்லிக்கறேன்."

தோழர்களே, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விவசாயக் கூலித் தாய் சொன்ன இந்த வார்த்தையை நன்றாக யோசித்துப் பாருங்கள். படம் இல்லை என்பதும் ஒரு சரித்திரம்தான். ஏன் இல்லை என்று பேரன் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை மூடி மறைக்காமல் நாற்காலியைக் காலியாக விட்டார் அந்தத் தாய்.

யாருக்குக் கல், யாருக்குச் சாயம்?

செத்தவரின் உருவத்தை வைத்துக் குடும்பம் கும்பிடுவது நம் நாட்டில் புதிதல்ல. செங்கம், தருமபுரி, சேலம் வட்டாரங்களில் நடுகற்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மாடுபிடிச் சண்டையில் செத்த வீரனை வில்லும் வாளுமாகச் செதுக்கி, எந்த அரசன் காலத்தில், எந்த ஊருக்காகச் செத்தான் என்று எழுதி வைத்தார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் மாட்டை மீட்கச் செத்தவனுக்குக் கல் நட்டார்கள். அந்த மாட்டுக்குத் தண்ணீர் இறைத்துச் செத்தவனுக்கு யார் கல் நட்டார்கள்?

பிறகு சாயப் படம் வந்தது. நமது மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை, கவிஞராகப் பெயர் பெறுவதற்கு முன்பு உருவப்படம் தீட்டும் ஓவியர். அந்தத் தொழிலில்தான் பிழைத்தார். ஆனால் சாயப் படம் தீட்டிக்கொள்ளக் கையில் பணம் வேண்டும். அந்தத் துணியில் பண்ணையாளின் முகம் ஏறவில்லை.

1839இல் பாரிஸ் நகரத்தில் போட்டோக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இருபது வருஷத்துக்குள் சென்னை ராஜதானிக்கும் வந்துவிட்டது. கோயில்களையும் கோட்டைகளையும் எடுத்தார்கள். ராஜாக்களையும் ஜமீன்தார்களையும் எடுத்தார்கள். ஏழைகளை எடுக்கவே இல்லையா? எடுத்தார்கள்! எப்படி என்று கேளுங்கள்.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். நம் சேலம் ஜில்லாவைக் கொடூரமாகத் தாக்கிய பஞ்சம் அது. 1871 கணக்கில் ஜில்லா ஜனத்தொகை சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். 1881இல் எண்ணிப் பார்த்தபோது சுமார் 16 லட்சம்தான் இருந்தது. பத்து வருஷத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்து போயிற்று! அந்தப் பஞ்சத்தின்போது ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி சென்னை ராஜதானியில் படங்கள் எடுத்தார். எலும்பும் தோலுமாக இருந்த கிழவர், பெண்கள், குழந்தைகள் ஆகியோரை வரிசையாக உட்காரவைத்து எடுத்தார். பார்த்தால் குடும்பப் படம் மாதிரியே இருக்கும். ஆனால் அதில் ஒருவருக்கும் பெயர் இல்லை. அவர்களுக்கு உதவுவதை விட்டு அவர்களை அடுக்கிவைத்துப் படம் எடுத்தார் என்ற கண்டனம் அவர் மீது உண்டு.

1909இல் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி தென்னிந்திய ஜாதிகளைப் பற்றி ஏழு பெரிய புத்தகங்கள் வெளியிட்டார். அதிலும் நம் ஜனங்களின் படங்கள் உண்டு. இன்ன ஜாதி, இன்ன மூக்கு, இன்ன உயரம் என்று உண்டு. இவர் யாருடைய தகப்பனார், யாருடைய தாயார் என்று இல்லை!

ஆகவே நம்மைப் படம் எடுக்காமல் விட்டார்கள் என்று மட்டும் சொல்வது தப்பு. நம்மைப் பெயரில்லாமல் எடுத்தார்கள். முகத்தை எடுத்துக்கொண்டு மனிதனை விட்டுவிட்டார்கள். இந்தக் குடும்பப் படம் அதற்கு நேர்மாறானது. இதில் ஒவ்வொருவரும் இன்னொருவருக்கு உறவு. தாய், மகன், மருமகள், பேத்தி, கொள்ளுப்பேரன்! இதன் பின்பக்கத்தில் ஐந்து பேருடைய பெயரும் ஊரும் எழுதியிருக்கிறது. காலி நாற்காலிக்குரியவர் பெயரையும் சேர்த்தால் ஆறு!

ஸ்டூடியோ வந்த பிறகு

ஊருக்கு ஊர் ஸ்டூடியோ வந்த பிறகு நம் ஜனங்களும் கொஞ்சம் கொஞ்சமாகப் படியேறினார்கள். உயிரோடு இருக்கும்போது படம் எடுக்க வழியில்லாதவர்கள், செத்த பிறகாவது எடுத்தார்கள். பிணத்தை நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, மகனும் மகளும் பேரப்பிள்ளைகளும் சுற்றி நின்று எடுத்த படங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் உண்டு. இன்றைய பிள்ளைகள் பார்த்தால் பயப்படுவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. அந்த வீட்டாருக்கு அதுதான் முதல் படம், அதுவே கடைசிப் படம்.

சில வீடுகளில் வேறு விதமாகச் செய்தார்கள். பழைய கூட்டப் படத்திலிருந்து செத்தவரின் தலையைக் கத்தரித்து, புதிய படத்தில் ஒட்டி, ஒட்டிய இடம் தெரியாமல் சாயம் தடவி, மறுபடி அதைப் படம் எடுப்பார்கள். கம்ப்யூட்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே, கத்தரிக்கோலும் பென்சிலும் தூரிகையும் வைத்து ஸ்டூடியோத் தொழிலாளி செய்த வேலை அது. கண்ணாடி நெகட்டிவில் ஊசிமுனைப் பென்சிலால் முகச்சுருக்கம் நீக்கியே கண் பார்வை போனவர்கள் உண்டு. அந்தத் தொழிலாளிகளின் பெயரும் நமக்குத் தெரியாது.

அந்தப் பழைய ஸ்டூடியோப் படங்கள் கறையானுக்கும் பழைய இரும்புக் கடைக்கும் போகாமல் காப்பாற்ற, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு வேலை செய்திருக்கிறது. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் குடும்பங்கள் எடுத்துக்கொண்ட படங்களைத் தேடிப் பிரதி எடுத்து வைத்திருக்கிறார்கள். பரதேசத்து நூலகமே மதித்துப் பாதுகாக்கும் பொருளை நாம் பரணில் போட்டு மக்க விடலாமா?

சிறையும் சுடுகாடும்

தோழர்களே, நம் சேலத்தில் 1950 பிப்ரவரி 11ஆம் தேதி என்ன நடந்தது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குடியரசு வந்து பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. மனிதர்களாக நடத்துங்கள் என்று கேட்ட கம்யூனிஸ்டுக் கைதிகள் மீது சேலம் மத்திய சிறையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் மாண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். 1946 டிசம்பரில் நடந்த காவும்பாயிப் போராட்டத்தில் நின்ற தளியன் ராமன் நம்பியாரும் அவர்களில் ஒருவர். பெற்றவர்களும் பெண்டாட்டி பிள்ளைகளும் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். இவர்கள் நம் மண்ணில் விழுந்தார்கள்.

கோவைச் சிறையில் 1946 ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையம் மில் தொழிலாளர்கள் நால்வர் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டார்கள். ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன்! கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசையில் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்தக் குழந்தைகளை யார் படம் எடுத்து வைத்திருக்கப் போகிறார்கள்? கல்லில் பெயர்தான் பொறிக்க முடிந்தது.

வெளிநாடுகளையும் பாருங்கள். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளைத் தேடி, 1977 ஏப்ரல் 30 முதல் தாய்மார்கள் தலைநகரின் சதுக்கத்தில் கூடினார்கள். பிள்ளைகளின் படங்களைச் சுமந்து வாரா வாரம் நடந்தார்கள். அந்த நாட்டுப் போட்டோக்காரர் குஸ்தாவோ ஹெர்மானோவின் அண்ணன் 1976இல் காணாமலாக்கப்பட்டவர். அவர் ஒரு காரியம் செய்தார். பழைய குடும்பப் படங்களை எடுத்துக்கொண்டு, அதே இடத்தில், அதே ஆட்களை முப்பது வருஷம் கழித்து நிறுத்தினார். காணாமல் போனவர் நின்ற இடத்தைக் காலியாகவே விட்டு மறுபடி படம் எடுத்தார். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நம் ஊர்த் தாயார் போட்ட காலி நாற்காலிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

நம் இலங்கைத் தமிழ்த் தாய்மார்கள் 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். மடியில் பிள்ளையின் படம். "இவன் எங்கே?" என்பது ஒன்றே கேள்வி. பதில் கேட்டுக் கேட்டே பல தாய்மார்கள் கண் மூடிவிட்டார்கள். இப்போது அந்தத் தாய்மார்களின் படமும் பிள்ளைகளின் படத்துக்குப் பக்கத்தில் ஏறுகிறது.

ஆளை மறுப்பவன் முதலில் முகத்தைத்தான் மறுப்பான். "அப்படி ஒருவன் இல்லவே இல்லை" என்பான். அதனால்தான் தாய் படத்தை விட மாட்டேன் என்கிறாள்.

சில கேள்விகள்

சில தோழர்கள் நம்மிடம் கேட்கிறார்கள்: "படத்துக்கு மாலையும் பொட்டும் எதற்கு? இது மூடநம்பிக்கை அல்லவா?" நாம் சொல்வது இது: அந்தத் தாய் மாலை போடுவதைத் தடுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆனால் மாலை போட்டதோடு கடமை தீர்ந்தது என்று நாம் நினைத்தால் அதுதான் தப்பு. மிஷினை நிறுத்தாமல் கையை விடச் சொன்னவன் வெளியே நடமாடுகிறான். அவனிடம் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டு முடித்த பிறகே நம் கடமை தீரும்.

"படம் எடுத்தால் ஆயுசு குறையும், மூன்று பேராக நின்றால் ஆகாது" என்று பெண்கள் சிலர் தயங்குகிறார்கள். தாய்மார்களே, இந்தத் தோழருக்கு வீட்டில் ஒரு நல்ல படம்கூட இல்லை. அதனால் ஆயுசு கூடியதா? ஆயுசைக் குறைத்தது காமிரா அல்ல, காவலில்லாத பீட்டர்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போட்டோவைப் பேச வைக்கிறோம், கண் சிமிட்ட வைக்கிறோம், செத்தவர் குரலில் பாட வைக்கிறோம் என்று இப்போது விளம்பரம் செய்கிறார்கள். துக்கத்தில் இருப்பவரிடம் அதைச் சொல்லிக் காசு பறிக்கிறார்கள். அதற்காகக் கந்துவட்டிக்குக் கடன் வாங்காதீர்கள். சேர்த்த படமானால் பின்னால் "சேர்த்தது" என்று எழுதி வையுங்கள். கோர்ட்டுக்குப் போவது எப்போதும் மூலப் படமாகவே இருக்க வேண்டும். அதில் ஒரு புள்ளியும் தொடக் கூடாது. இந்த வீட்டில் அப்படித்தான் செய்திருக்கிறோம்.

செய்ய வேண்டியது

தோழர்களே, பேச்சோடு நிற்க வேண்டாம். வருகிற மே தினத்தன்று சங்க ஆபீஸ் வாசலில் ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி வைக்கிறோம். மில் தொழிலாளியும், குச்சிக்கிழங்குக் காட்டில் வேலை செய்யும் கூலித் தோழரும், சேகோ பாக்டரிப் பெண்களும், லாரி டிரைவரும் வீட்டோடு வாருங்கள். கிழவியையும் கைக்குழந்தையையும் கட்டாயம் கூட்டி வாருங்கள். பட்டுச் சேலை தேவையில்லை. வேலைக்குப் போகும் உடையோடு வந்தாலும் சரி. காகிதச் செலவு மட்டும் கொடுங்கள்.

போனில் எடுத்தது போனோடு போகும். காகிதத்தில் போடுங்கள். பின்னால் பெயர், ஊர், வருஷம், யாருக்கு யார் என்று பென்சிலில் எழுதுங்கள். ஒழுகும் சுவரில் மாட்டாதீர்கள். ஒரு பிரதி உறவினர் வீட்டில் இருக்கட்டும். ஆயுத பூஜைக்கு மில்லில் எடுக்கும் படத்தில் கான்டிராக்ட் தோழர்களைத் தவறாமல் நிறுத்துங்கள். முடிந்தால் பின்வரிசையில் அல்ல, முன்வரிசையிலேயே நிறுத்துங்கள்.

அந்தத் தாயாரிடம் ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறோம். அம்மா, உங்கள் வீட்டுக்காரருக்குக் காலி நாற்காலி போட்டீர்கள். உங்கள் மகனுக்கு ஒரு முகமாவது மிஞ்சியது. இந்தக் கொள்ளுப்பேரன் வளர்ந்து, சுவரைக் காட்டி, "தாத்தா எப்படிச் செத்தார்?" என்று கேட்பான். "கேட்டு வாங்கினோம்" என்ற பதிலும் அவனுக்குச் சேர்த்துச் சொல்லும்படி வழக்கை நடத்த வேண்டியது எங்கள் பொறுப்பு. அடுத்த வாய்தாவுக்கு நாங்கள் எல்லோரும் வருகிறோம்.